பன்னி சவ் சாப்பாடும் ஈஜிஎஃப் ரிசெப்டரும்: திசுவை மாடல் பண்ண எந்த வழி?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வர்த்துல ஒரு கோயில் ஹால்ல சனிக்கிழமை சின்னப் பசங்களுக்கு தமிழ் சொல்லித் தர்றேன், அங்க ஒத்தாசைக்கு வர்ற ஒரு பொண்ணு, டர்பன்லயே பிறந்து வளர்ந்தவ, தமிழ் பேசினா புரியும் ஆனா பதில் பாதி இங்கிலீஷ்லதான் வரும், போன மாசம் வகுப்பு முடிஞ்சு நாற்காலியெல்லாம் அடுக்கும்போது கிட்ட வந்து "அண்ணா, மாடல் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது"ன்னு கேட்டா. மாஸ்டர்ஸ் ஆரம்பிச்சிருக்கா. விஷயம் என்னன்னா, காயத்தோட ஓரத்துல இருக்கற தோல் செல்கள்ல ஈஜிஎஃப் ரிசெப்டர் சிக்னல் எப்படி உள்ள வரைக்கும் பரவுதுன்னு கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணணும். அவ இந்த டாபிக்கை எடுத்ததுக்கு காரணம் அவ ஆயா. சக்கரை வியாதி, கால் புண்ணு ஆறவே இல்ல, கடைசில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. (இங்க பாட்டியைத்தான் ஆயான்னு சொல்றாங்க. எங்க மதுரை பக்கம் ஆயான்னா பால்வாடி ஆயா, அதனால நான் வந்த புதுசுல "எங்க ஆயா வீட்டுல இருக்காங்க"ன்னு யாராவது சொன்னா, அட வசதியான குடும்பம் போல, வேலைக்கு ஆள் வெச்சிருக்காங்கன்னு நினைச்சுக்குவேன்.)

சாஃப்ட்வேரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல எந்த மாதிரி மாடல்னு முடிவு பண்ணுன்னு சொன்னேன். அதுக்கு அன்னைக்கு கார் பார்க்கிங்ல நின்னு ஒரு மணி நேரம் பேசினது, அப்புறம் வாட்ஸ்அப்ல பேசினது எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன், இதே குழப்பத்துல வேற யாராவது இருந்தா உதவும்.

பயாலஜி தெரியாதவங்களுக்காக கொஞ்சம். ஈஜிஎஃப்ங்கறது ஒரு வளர்ச்சிக் காரணி, 53 அமினோ அமிலம் கொண்ட ஒரு குட்டி புரோட்டீன், 1962-ல ஸ்டான்லி கோஹன் எலியோட எச்சில் சுரப்பியில இருந்து பிரிச்சு எடுத்தாரு, அதுக்கும் சேர்த்து 1986-ல ரீட்டா லெவி மோன்டால்சினியோட அவருக்கு நோபல் கிடைச்சது. அது செல்லுக்கு வெளிய மிதக்கும், செல் மேல இருக்கற ரிசெப்டர்ல வந்து ஒட்டும், ஒட்டினதும் ரெண்டு ரிசெப்டர் ஜோடி சேரும், ஒண்ணோட வால்ல இன்னொண்ணு பாஸ்பேட் போடும், அங்க இருந்து ராஸ், ராஃப், மெக், எர்க்னு வரிசையா இருக்கற புரோட்டீன்கள் உள்ள கைமாத்தி கைமாத்தி சேதி நியூக்ளியஸ் வரைக்கும் போகும். அதோட முடியல. லிகண்ட் (ரிசெப்டர்ல வந்து ஒட்டற பொருள், இங்க ஈஜிஎஃப்) ஒட்டின ரிசெப்டரை செல் சில நிமிஷத்துலயே உள்ள இழுத்துக்கும், லிகண்டும் கூடவே உள்ள போயிடும். இந்த கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, முடிவே அதுல இருந்துதான் வரப்போகுது.

அவ கையில என்ன இருக்குன்னும் சொல்லிடறேன், ஏன்னா அது தெரியாம எந்த மாடல் பெஸ்ட்னு பேசறது வெட்டிப்பேச்சு. ரெண்டு வருஷம் டைம். ஒரு லேப்டாப். ஆப்பரேஷன்ல மிச்சமாகற தோல் துண்டுகள், எதிக்ஸ் அனுமதியோட வாங்கறது. அதுல காயம் பண்ணி, 5 நிமிஷம், 15 நிமிஷம், ஒரு மணி நேரம்னு நிறுத்தி, பாஸ்பேட் ஏறின எர்க்குக்கு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்கணும். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துண்டு போயிடும், ஒரே செல்லை தொடர்ந்து பாக்க முடியாது. எர்க் மின்னறதை லைவா காட்டற பயோசென்சர் போட்ட எலி எல்லாம் இருக்கற லேப் வேற லெவல், இங்க கிடையாது. அதாவது நேரத்தைப் பத்தி அவளுக்கு கிடைக்கப்போற டேட்டா ரொம்ப கம்மி, ஆனா காயத்து ஓரத்துல இருந்து எத்தனாவது வரிசை செல் எவ்வளவு மின்னுதுங்கறது, அதாவது இடத்தைப் பத்தின டேட்டா, நிறைய.

இப்ப வழிகளைப் பாப்போம்.

முதல்ல எல்லாரும் போய் விழற பள்ளம், நானும் விழுந்த பள்ளம், பெரிய ஓடிஇ மாடல். செல்லை ஒரு நல்லா கலக்கின பாத்திரமா நினைச்சுக்கிட்டு, ஒவ்வொரு புரோட்டீனோட அளவும் நேரத்தோட எப்படி மாறுதுன்னு ஒரு டிஃபரன்ஷியல் சமன்பாடு எழுதறது. இதுக்கு பெரிய பரம்பரையே இருக்கு. 1999-ல கோலோடென்கோ குழு எலி கல்லீரல் செல்லுக்கு சின்னதா ஒண்ணு பண்ணினாங்க, 2002-ல ஷோபெர்ல் குழு 94 பொருள் 125 ரியாக்ஷன்னு பெருசாக்கினாங்க, 2009-ல சென் குழு ஈஜிஎஃப் ரிசெப்டரோட குடும்பமான நாலு எர்ப்பி ரிசெப்டரையும் சேர்த்து 499 சமன்பாடு, 828 ரியாக்ஷன், 229 பாராமீட்டர்னு கொண்டுபோய் நிறுத்தினாங்க. இதெல்லாம் மோசமான வேலையே இல்ல. சிக்னல் ஏன் அஞ்சு நிமிஷத்துல உச்சத்துக்கு போய் இறங்குது, ஈஜிஎஃபும் டிஜிஎஃப்-ஆல்ஃபாவும் ஒரே ரிசெப்டர்லதான் ஒட்டுது ஆனா ஏன் வேற வேற விளைவு, இதுக்கெல்லாம் பதில் இங்கதான் இருக்கு. டிஜிஎஃப்-ஆல்ஃபா செல்லுக்குள்ள இருக்கற அமிலப் பையில போனதும் கழண்டுடும், ரிசெப்டர் காலியாகி திரும்ப மேல வந்துடும், ஈஜிஎஃப் விடாம புடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால அந்த ரிசெப்டர் அழிவுக்கு போயிடும். இந்த மாதிரி கணக்கு நேரம் சம்பந்தப்பட்டது, ஓடிஇ இல்லாம ஓடாது.

இன்னொரு சௌகரியம், இந்த நாட்டுலயே கருவி இருக்கு. ஸ்டெல்லன்பாஷ்ல ஒலிவியர், ரோவர், ஹோஃப்மெயர் எழுதின பைசெஸ் பைத்தான்ல ஓடும், அங்கயே உருவான ஜேடபிள்யூஎஸ் ஆன்லைன்ல பிரவுசர்லயே மாடலை ஓட்டிப் பாக்கலாம், எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல. வெளிநாட்டு கோபாசியும் இலவசம்தான், பட்டன் அமுக்கினா ஓடும். பழைய மாடல்களோட ஃபைல் பயோமாடல்ஸ் டேட்டாபேஸ்ல ரெடியா கிடக்கு, இறக்கி ஓட்டினா பத்து நிமிஷத்துல அழகான வளைவு வரும். அந்த அழகுலதான் ஆபத்து. நான் அப்படி ஒரு பெரிய மாடலை இறக்கி, டிஷ்ல வளர்த்த செல்லோட டேட்டாவுக்கு ஃபிட் பண்ணி, வளைவு புள்ளி மேல அச்சு அசலா உக்காந்ததும் ரெண்டு நாள் தலைகால் புரியாம திரிஞ்சேன். அப்புறம் திசுத் துண்டோட படம் வந்துச்சு. ஓரத்துல ரெண்டு மூணு வரிசை செல் பளிச்சுன்னு எரியுது, அதுக்குப் பின்னாடி இருட்டு. என் மாடல் கையில இருக்கறது ஒரே ஒரு எண், "எர்க் இவ்வளவு"ன்னு. எங்க இவ்வளவு? அதுக்கு மாடல்ல பதிலே இல்ல. சரி சராசரி எடுத்துக்கலாம்னு ஒரு பெருக்கல் எண்ணை சொருகி, அது ஒத்துவரலன்னு இன்னொண்ணை சொருகி, இப்படியே ஏழு மாசம் ஓடிப்போச்சு. எங்க வழிகாட்டி ஒரு நாள் படத்தைப் பாத்துட்டு "உன் மாடல்ல இடது பக்கம் எது, வலது பக்கம் எது"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு.

பாராமீட்டர் பிரச்சனை தனி. 2007-ல குட்டன்குன்ஸ்ட் குழு இந்தத் துறையில வெளிவந்த 17 மாடலை எடுத்து பாத்தாங்க, எல்லாத்துலயும் ஒரே வியாதி, சில பாராமீட்டர் கூட்டணியை கொஞ்சம் அசைச்சாலே ரிசல்ட் மாறுது, மத்ததை ஆயிரம் மடங்கு மாத்தினாலும் ஒண்ணும் ஆகல. மாடலோட கணிப்பு நல்லா இருக்கலாம், ஆனா உள்ள இருக்கற எண்ணை "இதுதான் உண்மையான வேகம்"னு எடுத்து வெச்சுக்க முடியாது. எட்டு டைம் பாயிண்ட் டேட்டாவை வெச்சுக்கிட்டு 229 பாராமீட்டருக்கு ஃபிட் பண்றது நாலு கல்லை வெச்சு நாற்பது மாடி கட்டற கதை.

ரெண்டாவது வழி, ரூல் பேஸ்டு. ரிசெப்டர் வால்ல பாஸ்பேட் ஏறக்கூடிய இடம் 10 இருக்குன்னு வெச்சுக்கோங்க, ஒவ்வொண்ணும் ஏறியிருக்கலாம் ஏறாம இருக்கலாம், அப்ப 1,024 நிலை, அது ஜோடி சேர்ந்தா 5 லட்சத்துக்கு மேல. எல்லாத்துக்கும் சமன்பாடு எழுத முடியாது, அதனால "இந்த இடத்துல பாஸ்பேட் இருந்தா கிரப்2ங்கற புரோட்டீன் ஒட்டும்"னு விதியை மட்டும் எழுதினா பயோநெட்ஜென் மாதிரி சாஃப்ட்வேர் மிச்சத்தை பாத்துக்கும். புத்திசாலித்தனமான வழி. எந்த டைரோசின்ல (பாஸ்பேட் ஏறற அமினோ அமிலம்) எது ஒட்டுதுங்கறதுதான் உங்க கேள்வின்னா இதை விட்டா வேற இல்ல. அவளோட கேள்வி அது இல்ல, அவகிட்ட அந்த டேட்டாவும் இல்ல, அடுத்தது போலாம்.

மூணாவது பூலியன், லாஜிக் மாடல். ஒவ்வொரு புரோட்டீனும் ஆன் இல்ல ஆஃப். டர்பன்காரங்களுக்கு இதை விளக்கறது சுலபம், இங்க டிராஃபிக் சிக்னலை ரோபோன்னுதான் சொல்வாங்க ("அடுத்த ரோபோல லெஃப்ட் திரும்பு"ன்னு டாக்சி டிரைவர் சொன்னப்ப நான் நிஜமாவே பொம்மை மாதிரி ஏதோ நிக்குமோன்னு தேடினேன்), பூலியன் மாடல்ங்கறது ஊர் முழுக்க ரோபோ மட்டும் வெச்சு போக்குவரத்தை புரிஞ்சுக்கறது. பச்சை இல்ல சிவப்பு. எந்த ரோடை அடைச்சா எந்தப் பக்கம் வண்டி போகும்னு சொல்லிடும், எத்தனை வண்டி, எத்தனை நிமிஷம்னு சொல்லாது. பாராமீட்டரே வேண்டாம்ங்கறது பெரிய வரம், நூறு புரோட்டீன் இருக்கற வலையமைப்புல எந்த மருந்து எதை அடைக்கும்னு பாக்க அருமை, 2009-ல சமாகா குழு ஈஜிஎஃப்ஆருக்கு (ஈஜிஎஃப் ரிசெப்டரோட சுருக்கம்) இப்படி ஒண்ணு பெருசா பண்ணியிருக்காங்க. ஆனா வளர்ச்சிக் காரணி விஷயத்துல நேரம்தான் பாதி அர்த்தம். லேப்ல வளர்க்கற பிசி12ங்கற எலி செல்லுல ஈஜிஎஃப் போட்டா எர்க் கொஞ்ச நேரம் எரிஞ்சு அணையும், செல் பெருகும், என்ஜிஎஃப்ங்கற நரம்பு வளர்ச்சிக் காரணி போட்டா விடாம எரியும், செல் நரம்பு மாதிரி மாறும். ரெண்டுமே "ஆன்"தான், ஆனா செல்லோட தலையெழுத்தே வேற. ஆன் ஆஃப் மட்டும் வெச்சுக்கிட்டா இது ரெண்டும் ஒண்ணாயிடும்.

நாலாவது, இடத்தை சேர்த்துக்கற மாடல், ரியாக்ஷன் டிஃப்யூஷன். லிகண்ட் செல்களுக்கு நடுவுல பரவுது, வழியில ரிசெப்டர் அதை புடிக்குது, உள்ள இழுத்து தின்னுது. இதை எழுதறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுப் பாக்கணும், அந்தப் பொண்ணுக்கும் நான் கார் பானெட் மேல பேப்பரை வெச்சு போட்டுக் காட்டினது இதுதான், இந்தக் கட்டுரையில வேற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

டிஷ்ல ஒரு மில்லி திரவத்துல 100 நேனோகிராம் ஈஜிஎஃப் போடறோம், அது சாதாரணமா எல்லாரும் போடற டோஸ்தான். மூலக்கூறு எடை 6,000 அளவுன்னா செறிவு கிட்டத்தட்ட 17 நேனோமோலார், எண்ணிக்கையில 10 லட்சம் கோடி மூலக்கூறு. அதுல 10 லட்சம் செல் இருக்கு, செல்லுக்கு 50,000 ரிசெப்டர்னா மொத்தம் 5,000 கோடி ரிசெப்டர். அதாவது ஒரு ரிசெப்டருக்கு 200 லிகண்ட் வரிசையில நிக்குது. செல் எவ்வளவு தின்னாலும் வெளிய குறையாது, அதனாலதான் டிஷ் மாடல்ல ஈஜிஎஃப் அளவை மாறாத எண்ணா வெச்சாலும் பெருசா தப்பு வராது. இப்ப அதே செல்லை திசுக்குள்ள வைங்க. சுத்தி திரவம் ஒரு மில்லி கிடையாது, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற இடுக்கு மட்டும்தான், ஒரு செல்லுக்கு தோராயமா 250 கன மைக்ரான்னு வெச்சுக்கலாம். அந்த இடுக்குல 50,000 ரிசெப்டர்னா செறிவு 330 நேனோமோலார். 17 நேனோமோலார் லிகண்ட் உள்ள வந்தா அதைவிட 20 மடங்கு ரிசெப்டர் வாயைத் திறந்து காத்துக்கிட்டு இருக்கு. டிஷ்ல லிகண்ட் 200 மடங்கு அதிகம், திசுல ரிசெப்டர் 20 மடங்கு அதிகம். அப்படியே தலைகீழ்.

எவ்வளவு தூரம் போகும்னும் பாத்துடலாம். ஒட்டற வேகம் மோலாருக்கு செகண்டுக்கு 10 லட்சம்னு எடுத்தா, 330 நேனோமோலார் ரிசெப்டர் நடுவுல ஒரு லிகண்ட் சுதந்திரமா இருக்கறது மூணு செகண்டுதான். பரவற எண் செகண்டுக்கு 50 சதுர மைக்ரான்னா, அதை ஒட்டற வேகத்தால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 12 மைக்ரான் வருது. தோல் செல் ஒண்ணோட அகலம் அவ்வளவுதான். ஒட்டினதுல பாதி கழண்டு திரும்ப ஓடுதுன்னு வெச்சாலும் 17 மைக்ரான். ரிசெப்டர் செல்லுக்கு 5,000 தான்னா 40 மைக்ரான் பக்கம், மூணு நாலு செல். என் படத்துல ரெண்டு மூணு வரிசை மட்டும் ஏன் எரிஞ்சுச்சுன்னு ஏழு மாசம் கழிச்சு புரிஞ்சது இந்த நாலு வரி கணக்குலதான், அதை முதல் நாளே போட்டிருக்கலாம்.

பன்னி சவ்னு டர்பன்ல ஒரு சாப்பாடு உண்டு, அதை சாப்பிட்டவங்களுக்கு இது கணக்கே இல்லாம புரியும். கால் லோஃப் பிரெட்டை குடைஞ்சு நடுவுல மட்டன் கறி ஊத்தறாங்க. குழம்பு அவ்வளவு இருக்கு, ஆனா ஓட்டை ஒட்டின பிரெட் மட்டும் சொதசொதன்னு ஊறியிருக்கும், ஒரு விரல்கடை தள்ளி வெளிப்பக்கம் காஞ்சேதான் இருக்கும், ஏன்னா குழம்பை வெளிய போகவிடாம தடுக்கறது சுவர் இல்ல, பிரெட்டே அதை குடிச்சுடுது. இன்னும் ஒரு கரண்டி ஊத்தினா ஈரம் பரவற தூரம் ரெட்டிப்பாயிடுமா? ஆகாது. லிகண்டுக்கும் அதே கதை, கணக்குப்படி ஓரத்துல சுரக்கறதை ரெண்டு மடங்கு ஆக்கினா ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல எரியற எல்லை நகர்றது 8 மைக்ரான்தான், ஒரு செல் கூட முழுசா இல்ல. (ரிசெப்டர் எல்லாம் நிரம்பிப்போற அளவுக்கு கொட்டினா இந்தக் கணக்கு மாறும், அப்ப எல்லை அலை மாதிரி முன்னாடி நகர ஆரம்பிக்கும்.)

எல்லா வளர்ச்சிக் காரணியும் இப்படி குறுகிய தூரம்னு நினைச்சுடாதீங்க. வரிக்குதிரை மீன் கருவுல எஃப்ஜிஎஃப்8 செகண்டுக்கு 50 சதுர மைக்ரான் அளவுக்கு பரவி 200 மைக்ரான் தூரம் வரைக்கும் தாக்குப்பிடிக்குதுன்னு 2009-ல அளந்திருக்காங்க. பரவற வேகம் நான் மேல எடுத்த அதே எண்தான், தின்ற வேகம்தான் வேற. அதனால உங்க திசுவுக்கு உங்க எண்ணைப் போடுங்க, என்னோடதை காப்பி அடிக்காதீங்க.

இந்த வழியில போகணும்னா பெரிய சாஃப்ட்வேர் கூட வேண்டாம். காயத்து ஓரத்துல இருந்து உள்நோக்கி ஒரே கோடு, ஒரு பரிமாணம், ஒவ்வொரு புள்ளியிலயும் லிகண்ட், காலி ரிசெப்டர், ஒட்டின ரிசெப்டர், உள்ள போன ரிசெப்டர், எர்க், அஞ்சு மாறி போதும். பாராமீட்டர் பத்துக்குள்ள. நம்பைங்கற (NumPy) லைப்ரரியை வெச்சு நூறு வரி பைத்தான். ஒரே எச்சரிக்கை, கட்டம் 2 மைக்ரான்னா டைம் ஸ்டெப் 0.04 செகண்டுக்கு கீழ இருக்கணும், இல்லன்னா எண்கள் பைத்தியம் புடிச்ச மாதிரி மேல கீழ குதிக்கும், நிறைய பேர் அதைப் பாத்துட்டு "ஆஹா ஆசிலேஷன் கண்டுபுடிச்சுட்டேன்"னு குதிச்சிருக்காங்க.

சின்ன மாடல்னா கேவலம்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல ஜெர்மிஸ்டன்ல 1927-ல பிறந்த சிட்னி பிரென்னர்தான் சி. எலிகன்ஸ்ங்கற ஒரு மில்லிமீட்டர் புழுவை உலகத்து லேபுக்கெல்லாம் கொண்டு வந்தவரு, 2002-ல நோபலும் வாங்கினாரு. அந்தப் புழுவுல ஆறு செல் வரிசையா நிக்கும், மேல இருக்கற ஒரே ஒரு ஆங்கர் செல் லின்-3ன்னு ஈஜிஎஃப் மாதிரி ஒரு லிகண்டை விடும், கிட்ட இருக்கற செல் ஒரு முடிவு எடுக்கும், ரெண்டு பக்கத்து செல் வேற முடிவு, மிச்ச மூணும் சும்மா தோலாயிடும். உயிருள்ள திசுல ரிசெப்டர் சிக்னலை மாடல் பண்ணினதுல ரொம்ப தெளிவான வேலைகள் இந்த ஆறு செல் வரிசையில நடந்ததுதான். ஆறே செல், ஒரே கோடு. ஆனா இடது வலது இருந்துச்சு.

அஞ்சாவது, செல் செல்லா மாடல் பண்றது. காம்ப்யூசெல்3டி, மார்ஃபியஸ், சேஸ்ட், ஃபிசிசெல்னு நிறைய இருக்கு. ஒவ்வொரு செல்லும் தனி ஆளு, நகரும், பிரியும், பக்கத்துல இருக்கறதை தள்ளும், உள்ள அதுக்குன்னு ஓடிஇ ஓடும், வெளிய லிகண்ட் பரவும். வீடியோவாப் பாத்தா அசந்துடுவீங்க, கான்ஃபரன்ஸ்ல கைதட்டு நிச்சயம். அந்தப் பொண்ணு மனசுக்குள்ள இதைத்தான் முடிவு பண்ணிட்டு வந்திருந்தா, சாஃப்ட்வேர் எதுன்னு கேட்டதே அதுக்குத்தான். நான் முழுசா வேண்டாம்னு சொல்லல. காயம் மூடற கதையை முழுசா சொல்லணும்னா இது இல்லாம முடியாது, ஏன்னா எம்டிசிகேங்கற நாய் சிறுநீரக செல் படலத்துல காட்டினது என்னன்னா, முன்னாடி போற செல் பின்னாடி இருக்கறதை இழுக்கும், இழுபட்ட செல்லுல ஈஜிஎஃப்ஆர் வழியா எர்க் ஏறும், எர்க் ஏறின செல் சுருங்கி அடுத்ததை இழுக்கும், இப்படி அலை பின்னாடி போகப் போக செல்லெல்லாம் முன்னாடி போகும். நம்ம ஊர் தேர் வடம் மாதிரிதான், முன்னாடி ஆளு இழுத்தா வடம் விறைக்கிறது பின்னாடி வரைக்கும் போகும், தேர் நகர்றது முன்பக்கம். இதை ஒரு கோட்டுல எழுத முடியாது, செல்லுக்கு உடம்பு வேணும்.

ஆனா விலையைப் பாக்கணும். செல் எவ்வளவு ஒட்டும், எவ்வளவு விறைப்பு, எவ்வளவு தற்செயல் அசைவுன்னு வர்ற எண்களை எதையும் அவளோட சாயம் போட்ட படத்துல இருந்து எடுக்க முடியாது. தற்செயல் இருக்கறதால ஒரே ஓட்டத்தை நம்ப முடியாது, ஒவ்வொரு பாராமீட்டருக்கும் இருபது முப்பது தடவை ஓட்டணும். அதுக்கு லேப்டாப் பத்தாது, கேப் டவுன்ல இருக்கற சிஹெச்பிசி-யோட (நாட்டோட சூப்பர் கம்ப்யூட்டர் மையம்) லெங்காவ் கிளஸ்டருக்கு வழிகாட்டி பேர்ல பதிவு பண்ணி நேரம் வாங்கணும், கிடைக்கும், ஆனா க்யூவுல நிக்கணும். (லெங்காவ்னா செட்ஸ்வானா மொழியில சிவிங்கிப்புலி, வேகமா ஓடற சீட்டா. க்யூவுல நிக்கும்போது அந்தப் பேரு கொஞ்சம் கிண்டலாத்தான் தெரியும்.) 2023-ல லோட்ஷெடிங், அதாவது முறை வெச்சு கரண்ட் கட் பண்றது, உச்சத்துல இருந்தப்ப நான் டெஸ்க்டாப்லயே ரெண்டு நாள் ஓட்டமெல்லாம் போட்டுட்டு 46 மணி நேரத்துல கரண்ட் போய் எல்லாம் காலியானதை பாத்தவன், அப்ப இருந்து எதை ஓட்டினாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டிஸ்க்ல எழுதி வைக்கற வரியை முதல்ல எழுதிட்டுத்தான் சயின்ஸ் எழுதறேன், இப்ப கரண்ட் பரவாயில்ல ஆனாலும் பழக்கம் போகல.

அவளுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். காயம் பட்ட முதல் ரெண்டு மணி நேரத்துல தோல் செல் பெருசா நகராது, அவளோட டேட்டாவும் அந்த ரெண்டு மணி நேரம்தான். நகராத செல்லுக்கு எதுக்கு நகர்ற மாடல்? அதனால ஒரு கோடு, அஞ்சு மாறி, ரியாக்ஷன் டிஃப்யூஷன். பெரிய ஓடிஇ மாடலை தூக்கிப்போட வேண்டாம், அதுல இருந்து ரெண்டே எண் மட்டும் கடன் வாங்கிக்கலாம், ஒண்ணு உள்ள இழுக்கற வேகம், இன்னொண்ணு கழண்டு போற வேகம், ரெண்டும் டிஷ்ல ஒழுங்கா அளந்தது, மாடலை ஃபிட் பண்ணி ஊகிச்ச எண்கள் இல்ல. ரிசெப்டர் எண்ணிக்கையை மட்டும் அவளே அவ திசுல அளக்கணும், ஏன்னா மேல பாத்தீங்க, 50,000மா 5,000மாங்கறதுலதான் ஒரு செல்லா நாலு செல்லாங்கறதே இருக்கு.

அவ விடல. "அப்ப அலை வந்தா என்னண்ணா பண்றது, செல் நகராமலே ஒண்ணு இன்னொண்ணுக்கு சேதி சொல்லுமில்ல"ன்னு கேட்டா. நல்ல கேள்வி. எர்க் ஏறின செல்லுல அடாம்17னு ஒரு கத்தரி முழிச்சுக்கும், அது செல் மேல ஒட்டிக்கிட்டு இருக்கற லிகண்டை வெட்டி வெளிய விடும், பக்கத்து செல் அதை புடிச்சு தானும் எரியும், அது இன்னொண்ணை எரிக்கும். இப்படி தொடர் ஓட்டம் நடந்தா ஒரு லிகண்ட் போறது ஒரே செல் தூரம்னாலும் சேதி நூறு செல் தாண்டிப் போகும். எலித் தோல்ல எர்க் இப்படி வட்ட வட்டமா பரவறதை 2015-ல படமே புடிச்சிருக்காங்க. அதுக்கு மாடல்ல ஒரே ஒரு உறுப்பு கூட்டினா போதும், எர்க் இருக்கற இடத்துல லிகண்ட் சுரக்கும்னு. அந்த உறுப்போட ஒரு மாடல், இல்லாம ஒரு மாடல், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டணும். அந்த உறுப்பு இல்லாததுல ஓரத்துல இருந்து வெளிச்சம் நேரா குறைஞ்சுக்கிட்டே போகும், எந்த நேரத்துல பாத்தாலும் உச்சம் ஓரத்துலயேதான். உறுப்பு இருக்கறதுல உச்சம் 15 நிமிஷத் துண்டுல ஒரு இடம், ஒரு மணி நேரத் துண்டுல இன்னும் உள்ளன்னு இடம் மாறும். சாயம் போட்ட செத்த துண்டுகளை வெச்சே இதை பிரிச்சு சொல்லிடலாம், லைவ் பயோசென்சர் தேவையே இல்ல.

நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல முதல் படம் அனுப்பினா, 15 நிமிஷத் துண்டு. உச்சம் ஓரத்துல இல்ல, மூணாவது வரிசையில. அலைன்னு உடனே குதிக்காத, ஓரத்து செல் காயம் பண்ணும்போதே செத்திருக்கலாம், செத்த செல்லுல எர்க் எங்க இருந்து வரும், முதல்ல உயிரோட இருக்கற செல் எதுன்னு காட்டற சாயத்தையும் சேர்த்துப் போடுன்னு எழுதினேன். "ஓகே அண்ணா, திங்கக்கிழமை"ன்னு பதில் வந்திருக்கு, கூடவே அவ சாப்பிட்டுக்கிட்டு இருந்த குவார்ட்டர் மட்டன் பன்னியை ரெண்டா வெட்டி, ஊறின இடத்துக்கு ஸ்கேல் வெச்சு எடுத்த ஒரு போட்டோ.